ஆபீசருக்குப் பிடித்த மண்

எங்கள் அக்காவின் கணவரை நாங்கள் அத்தான் என்று கூப்பிடுவோம். அவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறவர். வலது கண்ணுக்கு ஒன்று, இடது கண்ணுக்கு ஒன்று என்று தேய்த்து, சட்டத்துக்குள் இரண்டும் ஒன்றுபோல உட்காரும்படி மாட்டிக் கொடுப்பது அவர் வேலை. பல வருடங்களாக எதையும் ஜோடியாகவே பார்த்துப் பழகிய கண். யார் வீட்டுச் சுவரிலாவது இரண்டு படங்கள் மாட்டியிருந்தால், எது ஒரு நூல் கீழே இறங்கியிருக்கிறது என்பதை நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுவார். உறவுக்காரர்கள் அவரை அடிக்கடி வீட்டுக்குக் கூப்பிடாததற்கு இது ஒரு காரணம்.

அவருக்கு எதையும் கடையில் வாங்கப் பிடிக்காது. இது இன்னொரு காரணம். கஞ்சத்தனம் என்று யாராவது சொன்னால் வருத்தப்படுவார்.

"வாங்கறவனுக்குப் பொருள் மட்டும்தான் கிடைக்குது. செய்யறவனுக்குப் பொருளும் கிடைக்குது, விஷயமும் கிடைக்குது" என்பார்.

"குடியிருக்க வீடு மட்டும் கிடைக்க மாட்டேங்குது" என்பாள் அக்கா.

அக்கா சொல்வதில் நியாயம் இருந்தது. அவர்கள் குடியிருந்த முதல் வீடு சோப்பில் போனது. அத்தான் சோப்புக் காய்ச்சிய காரம் வழிந்து, பளிங்குத் தரையில் ஒரு தேசத்தின் வரைபடம் போல அரித்துவிட்டது. இரண்டாவது வீடு தேனீயில் போனது. தேன் கிடைப்பதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரருக்கு முகம் வீங்கிவிட்டது. இப்போது இருப்பது மூன்றாவது வீடு. அக்கா வேலை பார்க்கும் அச்சகம் அடுத்த தெருவில். குழாயில் எந்நேரமும் தண்ணீர். சமையலறையில் காற்று வரும்படி ஒரு ஜன்னல். அக்கா அந்த ஜன்னலுக்குத் தானே துணி வாங்கித் தைத்துத் திரை போட்டாள். போட்ட அன்றே அத்தானிடம் சொல்லிவிட்டாள்:

"இன்னொரு தடவை பாத்திரத்தை மூட்டை கட்ட வெச்சீங்கன்னா, ரெண்டு மூட்டையா கட்டுவேன். உங்களுது தனி, என்னுது தனி."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அத்தானுக்கும் அது தெரியும்.

கீழ் வீட்டில் வீட்டுச் சொந்தக்காரி இருந்தார். ஓனரம்மா என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பழைய இரண்டு வீட்டுக் கதையும் அவர் காதுக்கு எப்படியோ போயிருந்தது. அதனால் சாவியைக் கொடுக்கும்போதே ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

"மாடியில நெருப்பு கூடாது தம்பி. மத்தபடி உங்க இஷ்டம்."

ஓனரம்மாவோடு ஒரு பூனையும் இருந்தது. சாம்பல் நிறம், பெரிய வயிறு. காலையும் மாலையும் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு மூலையிலும் நின்று முகர்ந்து, எதிலும் திருப்தி இல்லாமல் நகரும். அதனால் அதற்கு ஆபீசர் என்று பெயர்.

வாசல் கேட்டின் இரண்டு கதவுகளிலும் ஆளுக்கொரு சிங்க முகம் இருந்தது. உள்ளங்கை அகலம், அலுமினியத்தில் வார்த்துத் தங்க நிறம் அடித்தது. ஓனரம்மாவின் கணவர் உயிரோடு இருந்தபோது தானே தேடி வாங்கி மாட்டியது என்பதால், ஓனரம்மா வாரம் ஒரு முறை தன் கையாலேயே துடைப்பார்.

ஓனரம்மாவுக்கு வெளியூரில் ஒரு மகள். அவளுக்குப் பிரசவம் நெருங்கியதும் அவர் பெட்டியைக் கட்டினார். பூனையையும், அது காரியம் முடித்துக்கொள்ளும் தட்டையும், அந்தத் தட்டில் போடுகிற பூனை மண் ஒரு மூட்டையையும் அக்காவிடம் ஒப்படைத்தார். கார் தெருமுனை திரும்பியது. அத்தான் மொட்டை மாடிக்கு ஏறினார்.

அந்தச் சமயத்தில் அவருக்குப் பிடித்திருந்தது உலோகம் வார்ப்பது. போனில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆகியிருந்தது. பழைய பெயின்ட் வாளிக்குள் சுண்ணாம்பும் மணலும் பூசி உலை. அதற்குக் கரி. காற்று ஊத அக்காவின் முடி உலர்த்தும் கருவி. உருக்குவதற்கு ஒரு தடித்த இரும்புச் சட்டி.

"நெருப்பு கூடாதுன்னு சொன்னாங்களே" என்றாள் அக்கா.

"அவங்க இருக்கும்போது கூடாதுன்னு சொன்னாங்க."

"அப்படியா சொன்னாங்க?"

"அர்த்தம் அதுதான்."

அத்தானின் கணக்குப்படி இந்த வேலையில் எல்லாமே இலவசம். அலுமினியம் காலி டப்பாவிலும் ஓட்டைப் பாத்திரத்திலும் கிடக்கிறது. செலவு வைக்கிற ஒரே சங்கதி அச்சுதான். உருகிய உலோகத்தைத் தாங்குகிற அச்சுக்கு என்று விற்கிற சாமான்கள் எல்லாம் யானை விலை. ஆகவே மலிவான அச்சு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி உலகத்தை வீட்டிலேயே வார்த்துவிடலாம் என்று நினைத்தார்.

முதலில் பிளாஸ்டர் மாவு. கூரைக்கு அலங்காரத் தட்டி அடிக்கிறவரிடம் மிச்சம் மீதி வாங்கி வந்து கரைத்து, ஒரு சாவியைப் பதித்து அச்சு எடுத்தார். தொட்டுப் பார்த்தால் கல் போல இருந்தது. ஆனால் உள்ளே ஈரம் இருந்தது. பிளாஸ்டரை அடுப்பில் வைத்து நன்றாகச் சுட்டு, கடைசிச் சொட்டு ஈரத்தையும் விரட்ட வேண்டும் என்பது அத்தானுக்கு அப்போது தெரியாது. உலோகத்தை ஊற்றியதும் ஈரம் ஆவியாகி, அச்சு பட்டாசு போல வெடித்தது. நல்லவேளையாக அவர் முகத்தில் கடையின் பழைய கண்ணாடி இருந்தது. அதில் ஒரு துளி ஒட்டிக்கொண்டு இன்றும் இருக்கிறது.

அதனால் மணலுக்கு மாறினார். புதிதாகக் கட்டுகிற வீடு ஒன்றிலிருந்து கேட்டு வாங்கிய மணலை ஸ்கூட்டரின் முன்னால் மூட்டையாக வைத்துக்கொண்டு வந்தார். மூட்டை சாய்ந்தது, ஸ்கூட்டர் சாய்ந்தது, கேட்டில் போய் முட்டியது. இடது கதவுச் சிங்கம் கீழே விழுந்து இரண்டாக உடைந்தது.

அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே போய், பரணிலிருந்து காலி அட்டைப் பெட்டிகளை இறக்கி வைத்தாள்.

"எதுக்கு இப்ப பெட்டி?"

"சும்மா. தூசி தட்டலாம்னு."

அத்தான் கடை கடையாக அலைந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொருளை வாங்கத் தயாராக இருந்தார். அது கிடைக்கவில்லை. இப்போது யாரும் கேட்டில் சிங்கம் வைப்பதில்லையாம். ஆகவே அவர் நியாயம் சுலபமாக வந்து நின்றது. கடையில் இல்லாததைச் செய்துதானே ஆக வேண்டும்.

கணவாய் மீனின் ஓட்டில் அச்சு எடுக்கலாம் என்று எங்கோ படித்திருந்தார். வெள்ளையாக, மாவுபோல இருக்கும் அந்த ஓட்டில் எதை அழுத்தினாலும் அப்படியே பதியும். சூட்டையும் தாங்கும். கிளி கொத்துவதற்காக அதைப் பறவைக் கடையில் விற்கிறார்கள். அத்தான் அங்கே போய் இருப்பதில் பெரியதாக நாலு கேட்டார்.

கடைக்காரர் கேட்டார்: "எத்தனை கிளி வெச்சிருக்கீங்க?"

"கிளி இல்லீங்க. சிங்கம்."

கடைக்காரர் ஓட்டைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "சிங்கம் இதைத் தின்னுமா?"

"தின்னாது. அதுல படுக்கும்."

கடைக்காரர் அதற்கு மேல் கேட்கவில்லை. சில வாடிக்கையாளர்களிடம் அதிகம் கேட்கக் கூடாது என்பது வியாபாரத்தில் ஒரு பாடம். ஆனால் அத்தான் கேட்டார். பக்கத்தில் அடுக்கியிருந்த பூனை மண் மூட்டையைக் காட்டி, அது என்ன மண் என்றார்.

"களிமண்தான் சார். தண்ணி பட்டா கெட்டியா பிடிச்சுக்கும். அதுதான் இதோட விசேஷம்."

கணவாய் ஓட்டில் சிங்கத்தின் மூக்கும் ஒரு கண்ணும் மட்டுமே அடங்கின. ஆனால் அத்தானுக்கு அது பெரிய வருத்தமாக இல்லை. மணலுக்குப் பிடிமானம் கொடுக்கக் களிமண் வேண்டும். தண்ணீர் பட்டால் கெட்டியாகப் பிடிக்கிற களிமண் ஒரு மூட்டை, ஓனரம்மா புண்ணியத்தில், வீட்டிலேயே கிடந்தது.

அக்காவின் மிக்ஸியில் பூனை மண்ணைப் போட்டு மாவாக்கினார். மாவுச் சல்லடையில் மணலைச் சலித்தார். பத்துக் கை மணலுக்கு ஒரு கை மாவு என்று கலந்து, தண்ணீரைத் தெளித்துப் பிசைந்தார். சரியான பதம் எது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்தால் விரல் ரேகை மண்ணில் பதிய வேண்டும். அதை இரண்டாக ஒடித்தால், உதிராமல் பிஸ்கட் போல விளிம்பு கூராக ஒடிய வேண்டும். மதியம் முழுக்கப் பிடித்தும் ஒடித்தும் பார்த்து, கடைசியில் அந்தப் பதத்தைக் கொண்டுவந்துவிட்டார். வீட்டில் மிக்ஸி இல்லை, சல்லடை இல்லை, முகப் பவுடரும் இல்லை. பவுடர், சிங்கம் மண்ணில் ஒட்டாமல் இருக்கத் தூவுவதற்குப் போயிற்று. அடி கழற்றிய சமையலறை இழுப்பறைதான் அச்சுப் பெட்டி.

"எல்லாம் இலவசம்" என்றார் அத்தான்.

"ஆமா, எல்லாம் என் சாமான்" என்றாள் அக்கா.

உடைந்த சிங்கத்தை ஒட்டி, மண்ணில் பதித்து எடுத்தார். குழியில் பிடரி மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. காலி டப்பாக்களை உருக்கினால் பாதி கசடாகப் போகிறது. உலோகம் கொஞ்சம் குறைந்தது. அத்தான் கையில் இருந்த சிங்கத்தைப் பார்த்தார். அச்சு எடுத்தாயிற்று, இனி இது எதற்கு என்று அதையும் சட்டியில் போட்டுவிட்டார். அந்த நேரத்தில் அது சிக்கனமாகவே தெரிந்தது.

சிங்கம் வந்தது. நிஜமாகவே நன்றாக வந்தது. தங்க நிறம் அடித்து இடது கதவில் மாட்டியபோது அக்கா கூடச் சிரித்துவிட்டாள். அத்தான் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார். முகம் மாறியது.

"சின்னதா இருக்கு."

"எது?"

"இடது."

"எனக்குத் தெரியலையே."

"ஒரு நூல் சின்னது."

சூடானால் பொருள்கள் விரியும், ஆறினால் சுருங்கும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படிக்கிறோம். உருகிய உலோகமும் அச்சுக்குள் ஆறும்போது சுருங்கும். தொழிலாக வார்க்கிறவர்கள் அதனாலேயே மாதிரியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்துகொள்வார்கள். அத்தான் அந்தப் பாடத்தின் முதல் பாதியோடு வீட்டுக்கு வந்துவிட்டவர். தெருவில் போகிற யாருக்கும் அந்த ஒரு நூல் தெரியாது. ஆனால் அவர் கண் அப்படிப்பட்டதல்ல. கேட்டுக்கு ஒரு கண் சிறுத்துவிட்டது போல அவருக்குப் பட்டது. ஓனரம்மா வாரா வாரம் துடைக்கிறவர், அவர் கைக்குத் தெரியாமல் போகுமா என்றும் பயந்தார்.

அவர் யோசித்தது சரியாகத்தான் இருந்தது. வலது சிங்கத்தையும் கழற்றி, அதிலிருந்து ஒன்று வார்த்தால், இரண்டு நகலும் ஒரே அளவு. ஜோடி சேர்ந்துவிடும். அப்படியே அச்சு எடுத்துப் பெட்டியை நிழலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். போகும் முன் வலது சிங்கத்தையும் பழக்க தோஷத்தில் சட்டியில் போட்டு வைத்தார்.

அவர் யோசிக்காத ஒன்று ஆபீசர். அதனுடைய மண் முழுவதும் அச்சுக்குப் போய்விட்டது. அக்கா தட்டில் காகிதத்தைக் கிழித்துப் போட்டிருந்தாள். ஆபீசர் காகிதத்தை முகர்ந்தது, அக்காவைப் பார்த்தது, மாடி ஏறியது. அங்கே ஒரு பெட்டியில், நைசாகச் சலித்து, இளம் ஈரத்தில் தட்டி வைத்த மண் இருந்தது. ஆபீசர் ஓரமாக உட்கார்ந்து, நீர் விட்டு, மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு இறங்கிப் போனது. அச்சில் ஒரு கீறல் கூட இல்லை. அதனால் சாயங்காலம் அத்தானுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

ஊற்றியதும் அச்சு கொதித்தது. அத்தான் பின்னால் தாவினார். ஆறிய பிறகு எடுத்துப் பார்த்தால் சிங்கத்தின் ஒரு கன்னம் முழுவதும் குழி.

"அம்மை போட்டிருக்கு" என்றாள் அக்கா. பிறகு மூக்கைச் சுருக்கினாள். "என்ன நாத்தம் இது?"

அசல் சிங்கம் இரண்டும் உருகிப்போயின. மிச்சம் இருந்தது முதல் நகல் ஒன்றுதான். அத்தான் அதை வைத்து ஒன்று வார்த்தார். அது முதல் நகலைவிட ஒரு நூல் சிறியதாக வந்தது. சரி, இந்தச் சிறியதற்கு ஒரு ஜோடி போடலாம் என்று, அந்தச் சிறியதையே பதித்து இன்னொன்று வார்த்தார். அது அதைவிடச் சிறியதாக வந்தது. கடையில் ஒரு வில்லைக்குப் பொருத்தமாக அடுத்த வில்லையைத் தேய்க்கிறவர் அவர். எது சரியாக இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் மற்றதைச் செய்வார். அந்தப் பழக்கம் அவரைச் சிங்கம் சிங்கமாக இறக்கிக்கொண்டே போனது. மாடிக் கைப்பிடிச் சுவரில் சிங்கங்கள் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"நிறுத்தாதீங்க" என்றாள் அக்கா. "என் சட்டைக்கு அஞ்சாறு பொத்தான் வேணும். அது வரைக்கும் போங்க."

அன்று காலையில்தான் ஓனரம்மா போன் செய்திருந்தார். பேரன் பிறந்துவிட்டான், தாயும் சேயும் நலம், சீக்கிரமே கிளம்பி வருகிறேன் என்று. கேட்டில் சிங்கம் இருந்த இடத்தில் இரண்டு ஜோடி திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. அட்டைப் பெட்டிகளில் அக்கா நிஜமாகவே தூசி தட்டி, அடிக்குத் தாளும் ஒட்டியிருந்தாள். ஒரு பெட்டியின் மேல் அத்தானின் சட்டைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவளுடையவை இல்லை.

அத்தான் அந்தச் சட்டைகளைப் பார்த்துவிட்டு மாடியில் போய் உட்கார்ந்தார். அக்கா பின்னாலேயே வந்தாள். சிங்க வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுல பெரிசு அம்மா. அதுக்கு அடுத்தது அதோட பிள்ளை. அதுக்கு அடுத்தது பேரன். சரியா?"

"ம்."

"அம்மாவையும் பிள்ளையையும் பக்கத்துல நிக்க வெச்சு, ஏன் ஒரே உயரமா இல்லேன்னா எப்படி இருக்கும்? அந்த அம்மாவுக்கே இன்னொரு பிள்ளை பெத்துக் கொடுங்க. அண்ணன் தம்பி ரெண்டும் ஒரே அளவா இருக்கும்ல?"

அத்தான் பெரிய சிங்கத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் கடைசியில்.

"பெரிசை மட்டும் சட்டியில போட்டீங்கன்னா, அந்தப் பெட்டி இன்னிக்கே கீழ இறங்கும்."

பெரியது சட்டிக்குப் போகவில்லை. பூனை வராமல் இருக்க அச்சுப் பெட்டிக்கு ஒரு பலகை மூடி போட்டார்கள். வார்த்து முடிந்து எரிந்துபோன மண்ணைச் சலித்து மாடியிலேயே ஒரு தொட்டியில் கொட்டி, ஆபீசருக்கென்று ஒதுக்கினார்கள். தம்பிச் சிங்கம் பிறந்தது. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. தங்க நிறம் காய்ந்தும் காயாமலும் இருக்கையில் ஓனரம்மாவின் கார் வந்து நின்றது.

அவர் இறங்கி, கேட்டின் முன்னால் நின்று, வழக்கம் போலச் சேலைத் தலைப்பால் ஒரு சிங்கத்தைத் துடைத்தார். பிறகு இன்னொன்றை. கொஞ்சம் பின்னால் நகர்ந்து பார்த்தார். அத்தான் படியில் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மக வீட்டுல எல்லாம் பெரிசு பெரிசா பார்த்துட்டு வந்தேனா" என்றார் ஓனரம்மா, "இங்க எல்லாமே ஒரு சுத்துச் சின்னதா தெரியுது."

"அப்படித்தாங்கம்மா இருக்கும்" என்றார் அத்தான். இத்தனை மரியாதையோடு அவர் யாரிடமும் பேசி அக்கா கேட்டதில்லை.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஆபீசர் எஜமானியின் காலில் ஒரு முறை உரசிவிட்டு, கீழ் வீட்டில் கழுவித் துடைத்து வைத்திருந்த தன் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மாடிப்படியில் ஏறியது. ஏறும்போது அதற்கு ஒரு அவசரம் இருந்தது. ஓனரம்மா தட்டைப் பார்த்தார், படியைப் பார்த்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அத்தானும் அக்காவும் பின்னாலேயே ஏறினார்கள்.

மொட்டை மாடியில் கரி படிந்த வாளி இருந்தது. சட்டி இருந்தது. மிக்ஸி இருந்தது. சுவரில் சிங்கங்கள் வரிசையாக, கன்னத்தில் குழி விழுந்தது உட்பட, அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஓனரம்மா ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார். அக்காவின் கண் கலங்கியிருந்தது.

"இதுல எது தம்பி என்னோடது?"

அத்தானுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "எல்லாமே உங்களோடதுதாம்மா. உங்க சிங்கம் ரெண்டையும் உருக்கினது எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு."

"அப்ப நான் ஒரு பேரனைப் பார்த்துட்டு வர்றதுக்குள்ள, இங்க ஒரு குடும்பமே வளர்ந்திருக்கு."

"தப்புதாம்மா" என்றாள் அக்கா. "நாங்க வீட்டைக்…"

"இரு" என்றார் ஓனரம்மா.

அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீசர் அதற்குள் இறங்கி, முன்னங்காலால் பக்குவமாக ஒரு குழி பறித்து, உட்கார்ந்து, வேலையை முடித்து, நாலு பக்கத்திலிருந்தும் மண்ணைத் தள்ளி அழகாக மூடியது. மூடிய இடத்தை முகர்ந்து பார்த்தது. அதன் முகத்தில் முதல் தடவையாகத் திருப்தி தெரிந்தது.

"இது வந்ததுலேர்ந்து நான் வாங்கிப் போடாத மண்ணு இல்ல" என்றார் ஓனரம்மா. "எதைப் போட்டாலும் முகத்தைத் திருப்பிக்கிட்டு என் பூந்தொட்டிக்குத்தான் போகும். என் ரோஜா எத்தனை செத்துது தெரியுமா? இது என்ன மண்ணு?"

அத்தானின் வேலையைப் பற்றி வெளியாள் ஒருவர் அக்கறையாகக் கேட்டது அதுதான் முதல் முறை. அவர் சூழ்நிலையை மறந்துவிட்டார். மணலை எத்தனை தடவை சலிக்க வேண்டும், களிமண்ணை ஏன் மாவாக்க வேண்டும், ஈரம் எவ்வளவு, பிடித்தால் ரேகை எப்படிப் பதிய வேண்டும் என்று எல்லாவற்றையும் விளக்கினார். ஒரு பிடி எடுத்து இறுக்கி, ஒடித்தும் காட்டினார். விளிம்பு கூராக ஒடிந்தது. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஓனரம்மா கடைசி வரை கேட்டார்.

"வாரா வாரம் இதே பதத்துல கலந்து கொடுங்க. களிமண்ணு நான் வாங்கித் தர்றேன். வாளி, சட்டி, கரி எல்லாம் இன்னிக்கே என் கண்ணு முன்னால கீழ இறங்கணும். இன்னொரு தடவை புகை பார்த்தேன்னா, நீங்களும் கூடவே இறங்கணும்."

"சரிங்கம்மா" என்று அக்காதான் சொன்னாள். அத்தான் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அட்டைப் பெட்டிகள் பரணுக்கு ஏறின. சட்டைகள் அலமாரிக்குத் திரும்பின. மிக்ஸியை மட்டும் அக்கா ஏற்றுக்கொள்ளவில்லை. அவளுக்குப் புதியது ஒன்று கடையில் வாங்கப்பட்டது. அத்தான் வாங்கினார், வாயைத் திறக்காமல். அம்மாச் சிங்கம் சமையலறை ஜன்னலில், திரை பறக்காமல் இருக்க உட்கார்ந்திருக்கிறது.

விடுமுறை நாளில் அவர்கள் வீட்டுக்குப் போனால் அத்தானை மாடியில் பார்க்கலாம். உலோகத்துக்காகப் பாடுபட்டுக் கண்டுபிடித்த மலிவான அச்சு மண்ணை, அதே அக்கறையோடு சலித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் ஆபீசர் வாலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கலந்து முடித்ததும் தொட்டியில் ஒரு பிடி போட்டுக் காட்ட வேண்டும். ஆபீசர் முகரும். மணல் கொஞ்சம் பருமனாக இருந்தாலோ ஈரம் ஒரு சொட்டு கூடியிருந்தாலோ எழுந்து போய்விடும். அத்தான் தொட்டியைக் கவிழ்த்து, முதலிலிருந்து சலிக்க ஆரம்பிப்பார்.